ஐந்தாவது மாடி... எல்லாரும் வந்தாச்சு!

கிட்ட வாங்க கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். ஆரம்பித்துவிட்டால் நடுவில் எழுந்து போக விடமாட்டேன்!

இந்தக் கதையில் கத்தி இல்லை. துப்பாக்கி இல்லை. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

ஆனால் ஒரு பரீட்சை இருக்கிறது.

சிரிக்காதீர்கள். பரீட்சைக்காக யாராவது ஆளைக் கொல்வார்களா என்று கேட்பீர்கள். கதை முடிந்ததும் கேளுங்கள், என் செல்லங்களே.

"வீ...ஈ...ல்!"

ஐந்தாவது மாடியிலிருந்து அலறல்!

அலறியவளை அந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அரியர் அக்கா' என்றால்தான் தெரியும்.

எத்தனை வீடு எரியும், எத்தனை பேர் எந்த வயதில் போய்ச் சேருவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அவள் தொழில். ஆக்சுவரி என்பார்கள். எமனுக்கு டைரி எழுதுகிற வேலை! அந்தத் தொழிலில் மேலே ஏறப் பரீட்சைக்கு மேல் பரீட்சை. எல்லாவற்றையும் ஏறிவிட்டாள். கடைசிப் படி மட்டும் சறுக்கிக்கொண்டே இருந்தது.

அதற்கு ரிஸ்க் பேப்பர் என்று பெயர். ஒரு பாலிசி, ஒரு வீடு என்று தனித்தனியாகப் பார்க்கிற படிப்பு இல்லை அது. ஒரு கம்பெனி முழுவதையும் எது எது கூட்டுச் சேர்ந்து கவிழ்க்கும் என்று பார்க்கிற படிப்பு. தீ, திருட்டு, பொய், பேராசை... எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும்.

அதில் அவள் ஏழு தடவை ஃபெயில்.

எட்டாவது தடவை, போன மாதம்தான் பாஸ்!

பாஸ் செய்தால் மட்டும் போதுமா? 'இவள் வேலையும் சரி, நடத்தையும் சரி' என்று, அதே பட்டம் வாங்கிய மேலதிகாரி ஒருவர் நேரில் கேள்வி கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது. தவறினால் அந்தப் பாஸும் போச்சு. மறுபடி முதலிலிருந்து!

இன்றைக்குப் பார்த்து அலறுகிறாள்!

ஏன்?

கொஞ்சம் பின்னால் போவோம், வாருங்கள்.

அந்த அலறலுக்குச் சற்று முன்பு, ஐந்தாவது மாடிக்குக் கீழே, பின்பக்கப் படிக்கட்டில் அரியர் அக்கா உட்கார்ந்திருந்தாள். கையில் போன். போனுக்குள் அவள் மாமியார். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிச் சொல்லியே ரிட்டயரானவர். வீட்டில் உப்பு கேட்டால்கூடப் பக்கத்துத் தெருவில் யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அப்படிக் குரல்!

"கவனிக்கவும்! அடுத்த கேள்வி. ஒரு கம்பெனி கவுந்துபோச்சுன்னு வச்சுக்கோ. அங்கேர்ந்து பின்னாடியே நடந்து வந்து, எது கவுத்துச்சுன்னு கண்டுபிடிக்கிறதுக்கு என்ன பேரு?"

"தலைகீழ் சோதனை, அத்தை."

"சரி. இது என்னடி, பின்னாடி மணி அடிக்குது?"

"தீயணைப்பு ஒத்திகை. எல்லாரும் கீழ போய் கார் பார்க்கிங்ல நிக்கணும். மாடிக்கு ஒருத்தர் தலை எண்ணிச் சொல்வாங்க."

"நீ போகலை?"

"இன்னும் நாலு கேள்விதான அத்தை பாக்கி! சீஃப் நேர்ல கேக்கும்போது முழிக்கக் கூடாது."

"அடி என் அறிவுக்கொழுந்தே! ரிஸ்க் படிக்கிறவ ஒத்திகைக்கே டிமிக்கி குடுக்கறியா? நல்லா வெளங்கும்!"

மேலே எங்கோ... தொம்! தொம்!

"அது என்ன சத்தம்?"

"யாரோ மேஜையை நகத்தறாங்க போல."

அப்போது கூரையில் இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. ஒவ்வொரு மாடிப் பொறுப்பாளரும் வாக்கிடாக்கியில் சொல்வது அதில் கேட்கும்.

"ஐந்தாவது மாடி... எல்லாரும் வந்தாச்சு! ஓவர்!"

சீஃபின் குரல். தலைமை ஆக்சுவரி. அவளுக்கு இன்று கையெழுத்துப் போடப் போகிற மகாராசன்!

அரியர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாத்தீங்களா அத்தை? இங்க உக்காந்துக்கிட்டே நான் அங்க வந்துட்டேனாம்!"

ஒத்திகை முடிந்த மணி அடித்தது. போனை அணைத்தாள். படியேறினாள். நடையில் யாரும் இல்லை. கோடியில் சர்வர் அறை. கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குளிரில் தூங்குகிற அறை.

அதன் கதவுக் கண்ணாடி பால் ஊற்றியது மாதிரி வெள்ளையாக இருந்தது.

புகையா?

கிட்டே போனாள். கண்ணாடியின் கீழ் ஓரத்தில், உள்ளேயிருந்து ஒட்டினபடி... ஒரு கை!

அடுத்தது உங்களுக்குத் தெரியும்.

"வீ...ஈ...ல்!"

முதலில் ஓடி வந்தவர் வாட்ச்மேன். அவர் பின்னாலேயே இன்ஸ்பெக்டர் அம்மா. எதிர்த்த கட்டடம்தான் ஸ்டேஷன். ஒத்திகையைப் பார்வையிடக் கம்பெனியே அழைத்திருந்தது. வந்த இடத்தில் வேலை வந்துவிட்டது!

"கதவு திறக்கலை மேடம்!"

"உடைங்க!"

தீயணைப்பு சிலிண்டரால் ஒரே இடி. கண்ணாடி நொறுங்கியது. உள்ளிருந்து ஜில்லென்று ஒரு வெள்ளை மூச்சு.

"யாரும் மூச்சு இழுக்காதீங்க!" அரியர் அக்கா கத்தினாள். "அது தீயணைக்கிற கேஸ்! காத்தைத் துரத்திட்டு நிக்கும்!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு மூவரும் இழுத்தார்கள். வெளியே வந்தவர்...

ரிஸ்க் சார்!

கம்பெனிக்கு எங்கே என்ன ஆபத்து என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். தலை நரைத்த மனிதர். பார்க்கும்போதெல்லாம் 'என்ன அரியர், எப்ப பாஸாகி என் வேலையைப் பிடுங்கப் போற?' என்று கேட்கிறவர். உதடு நீலம் பாரித்துக் கிடந்தார்.

"வாட்ச்மேன்! கீழ ஆம்புலன்ஸ் நிக்குது பாருங்க, ஒத்திகைக்கு வந்தது. ஓடுங்க!"

அவர் ஓடினார்.

நடையில் இரண்டு பெண்களும் ரிஸ்க் சாரும் மட்டும். இன்ஸ்பெக்டர் அவர் கழுத்தில் விரல் வைத்தார். அரியர் அக்கா குனிந்து இன்ஸ்பெக்டர் காதில் ஏதோ சொன்னாள். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார்.

என்ன சொன்னாள் என்று இப்போது கேட்காதீர்கள். எல்லாவற்றையும் முன்னாலேயே கொட்டிவிட்டால் கதை எதற்கு?

ஸ்ட்ரெச்சர் கீழே இறங்கியது. தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி. கூட்டம் விலகி நின்றது. யாரோ விசும்பினார்கள்.

"மேடம்... சாருக்கு..." சீஃப்தான் கேட்டார். குரல் தழுதழுத்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "எல்லாம் முடிஞ்சுது சார்."

சீஃப் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

மதியம். சீஃபின் அறை.

கதவில் அவர் பெயர்ப் பலகை. பெயர் ஒரு சாண். பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ஒரு முழம்! கடைசிப் பட்டம் அந்த ரிஸ்க் பட்டம். பித்தளை எழுத்து. தினம் துடைக்க ஆள் உண்டு.

"வாம்மா, உக்காரு. பாவம், நீதான் மொதல்ல பாத்தியாமே. தண்ணி குடிக்கிறியா?"

"வேண்டாம் சார்."

"நல்ல மனுஷன். என்ன பண்றது? எல்லாரோடயும் கீழ வந்தார். நான் எண்ணினேன். ஒத்திகை முடியறதுக்குள்ள அவசரமா மேல ஏறிட்டார். சர்வர் ரூமுக்குள்ள போனார். ஒத்திகைல ஏதோ தப்பான சிக்னல் போய், கேஸ் திறந்துடுச்சு."

"கேஸ் வர்றதுக்கு முன்னாடி உள்ள சங்கு ஊதணுமே சார்?"

"ஊதலை."

"கதவை உள்ளேர்ந்து திறக்க பட்டன் உண்டே?"

"வேலை செய்யலை."

"கேஸை நிறுத்த சிவப்பு பட்டன்?"

"அதுவும் செய்யலை." சீஃப் பெருமூச்சு விட்டார். "ஒவ்வொண்ணும் கெட்டுப்போறதுக்கு ஆயிரத்துல ஒரு வாய்ப்பு. மூணையும் பெருக்கு. நூறு கோடியில ஒண்ணு! அந்த நூறு கோடியில ஒண்ணு அவர் தலையில விடிஞ்சுது. விதிம்மா!"

அரியர் அக்கா அவரையே பார்த்தாள்.

பெருக்கினார்!

கண்ணுகளா, இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டு உறவே இல்லாத ஆபத்துகளைத்தான் பெருக்கலாம். சங்கு, கதவு, சிவப்பு பட்டன்... மூன்றுக்கும் வயர் ஒரே பெட்டியிலிருந்து வருகிறது. அறைக்கு வெளியே சுவரில் இருக்கும் பெட்டி. கேஸைக் கையால் திறந்துவிடுகிற பிடியும் அதில்தான். ஒரே சாவி. அதைத் திருப்பினால் மூன்றும் ஒன்றாக ஊமை! மூன்று பேர் ஒரே நேரத்தில் வாயை மூடினால் அது விதியா? யாரோ ஒருத்தன் மிரட்டியிருக்கிறான் என்று அர்த்தம்.

ரிஸ்க் பேப்பரில் முதல் பாடமே அதுதான். அவள் முதல் தடவை ஃபெயிலானது எதில் தெரியுமா? இப்படிப் பெருக்கித்தான்!

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இன்னிக்கு மூணு மணிக்கு போர்டு மீட்டிங்." சீஃப் குரலைத் தாழ்த்தினார். "போலீஸ் எல்லாரையும் குடையும். ஒத்திகை நேரத்துல நீ எங்க இருந்தே, நான் எங்க இருந்தேன்னு. நமக்கு எதுக்கும்மா வம்பு? நீ கார் பார்க்கிங்ல நின்னதை நான் பாத்தேன்னு நான் சொல்றேன். நான் நின்னதை நீ பாத்தேன்னு நீ சொல்லு. விபத்துன்னு முடிச்சுடுவாங்க."

"நான் எங்க நின்னேன் சார்?"

"என்னம்மா கேள்வி? என் பக்கத்துலயே நின்னியே! கையில போனை வச்சுக்கிட்டு. உன்னையும் எண்ணித்தானே சொன்னேன்?"

"நல்லா ஞாபகம் இருக்கா சார்?"

"நேத்து சாப்பிட்டதுகூட மறக்கும். இது மறக்காது."

அவர் மேஜை மேல் ஒரு தாள். அவளுடைய தாள். கீழே காலியாக ஒரு கோடு, கையெழுத்துக்காக. சீஃப் பேனா மூடியைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

"எட்டு தடவை எழுதியிருக்கே. உன் புருஷன் எத்தனை நாள் தனியா வீட்டைப் பாத்துக்கிட்டிருப்பான், பாவம். நேர்ல கேள்வி கேக்கிறதெல்லாம் சும்மா சம்பிரதாயம். மீட்டிங்ல நீ பேசி முடி. அங்கேயே, எல்லார் முன்னாடியும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறேன். சரிதானே?"

அவள் அந்தக் கோட்டையே பார்த்தாள். ஏழு தடவை தோற்றவளுக்குத்தான் தெரியும் அந்தக் கோட்டின் நீளம்.

"...சரி சார்."

வெளியே வந்தவள் நேராகப் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனாள்.

"அத்தை..."

"என்னடி, குரல் உள்ள போகுது? கையெழுத்து ஆச்சா?"

"ஆகலை. ஒருவேளை ஆகாதுன்னு நினைக்கிறேன். கோவிச்சுப்பீங்களா?"

போனில் ஏதோ பாத்திரத்தை ணங்கென்று கீழே வைக்கிற சத்தம்.

"இங்க பாரு. ஏழு தடவை நீ ஃபெயிலாகி வந்தப்பவும் நான் என்ன செஞ்சேன்?"

"திட்டினீங்க."

"அப்புறம்?"

"சூடா டீ போட்டுக் குடுத்தீங்க."

"எட்டாவது டீக்கும் வீட்ல சக்கரை இருக்கு. போ! போனை மட்டும் அணைக்காதே."

மூன்று மணி. போர்டு அறை.

நீள மேஜை. சேர்மன், டைரக்டர்கள், எல்லார் முகத்திலும் துக்கம், துக்கத்துக்கு மேல் ஏசிக் குளிர். ஒரு நாற்காலி காலி. ரிஸ்க் சாருடையது. மூலையில் கையைக் கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் அம்மா.

சீஃப் எழுந்தார். சொன்னதையே சொன்னார். பெருக்கினார். நூறு கோடியில் ஒன்று. விதி. கைக்குட்டை.

"ஐந்தாவது மாடிப் பொறுப்பாளர் நான். ஒவ்வொரு தலையா எண்ணினேன். எல்லாரும் இருந்தாங்க. இதோ, இந்தப் பொண்ணு என் பக்கத்துலதான் நின்னா. நீயே சொல்லும்மா."

எல்லாக் கண்களும் அவள் மேல்.

சீஃப் தாளைத் தன் முன்னால் இழுத்தார். பேனா மூடியைத் திறந்தார்.

அரியர் அக்கா எழுந்தாள்.

"நான் கார் பார்க்கிங்குக்கு வரவே இல்லை!"

பேனா நின்றது.

"என்னம்மா உளர்றே?"

"ஒத்திகைக்கு டிமிக்கி குடுத்தேன். பின்பக்கப் படிக்கட்டுல உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்தேன். தப்புதான். ரிஸ்க் பட்டம் வாங்கப் போறவ செய்யக்கூடாத தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா நான் வரலை. அப்புறம் எப்படி சார் என்னை எண்ணினீங்க?"

"கூட்டத்துல... ஒண்ணு ரெண்டு..."

"பக்கத்துலயே நின்னேன்னீங்களே! கையில போன் இருந்துச்சுன்னீங்களே! அப்படியே சொன்னா கையெழுத்துப் போடறேன்னீங்களே!"

சேர்மன் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம தொழில்ல ரெண்டு எண் உண்டு சார். இத்தனை வரும்னு எதிர்பார்த்தது ஒண்ணு. நிஜமா வந்தது ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறதுதான் நம்ம பொழப்பே. நீங்க எதிர்பார்த்ததைச் சொல்லிட்டு, வந்ததுன்னு சொல்லிட்டீங்க. ஏன்னா நீங்க எண்ணவே இல்லை. எண்ணறதுக்கு நீங்க கீழயே இல்லை! மாடியில, அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல, சாவியில கை வச்சுக்கிட்டு வாக்கிடாக்கியில பேசினீங்க!"

"வாயை மூடு!" சீஃப் மேஜையைத் தட்டினார். வெள்ளைச் சட்டையில் முதல் சுருக்கம். "நன்றி கெட்டவளே! ஏழு தடவை கோட்டை விட்டவ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"ஆமா சார். ஏழு தடவை ஃபெயிலானேன். ஒரு தடவைகூட பாஸானேன்னு பொய் சொன்னதில்லை!"

சீஃப் சட்டென்று நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு மாற்றம். மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதற்கில்லை, கண்ணுகளா.

"இன்ஸ்பெக்டர்! கேட்டீங்களா? இவளே ஒத்துக்கிட்டா. எல்லாரும் கீழ இருந்தப்ப இவ மட்டும் மேல இருந்திருக்கா! மொதல்ல பாத்ததும் இவதான். ரிஸ்க் சார் வேலைமேல இவளுக்குக் கண்ணு, ஆபீஸுக்கே தெரியும். கொலைகாரி இவதான்! அரெஸ்ட் பண்ணுங்க!"

இன்ஸ்பெக்டர் மூலையிலிருந்து நகர்ந்தார். நேராக அரியர் அக்காவிடம் வந்தார்.

"படிக்கட்டுல உக்காந்திருந்ததுக்கு சாட்சி இருக்கா?"

அரியர் அக்கா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள்.

"கவனிக்கவும்!"

போர்டு அறைக் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு டைரக்டர் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார்.

"மணி அடிச்சதிலேர்ந்து ஒத்திகை முடிஞ்ச மணி வரைக்கும் என் மருமக என் கண்ணு முன்னாடி வீடியோவுல உக்காந்திருந்தா! நாலு கேள்வி கேட்டேன். மூணுக்கு சரியா சொன்னா, ஒண்ணுக்கு முழிச்சா. 'ஐந்தாவது மாடி எல்லாரும் வந்தாச்சு'ன்னு அந்தத் தடியன் கத்தினதும் எனக்கே கேட்டுச்சு! முப்பது வருஷம் மைக்ல பேசினவ நான். கூட்டத்துல நின்னு பேசற குரலுக்கும் காலி நடையில நின்னு பேசற குரலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? அவர் குரல் எதிரொலிச்சுது!"

"கிழவி பேச்செல்லாம் சாட்சியா?" சீஃப் சீறினார்.

"யாருடா கிழவி?"

"அத்தை, கொஞ்சம் இருங்க..."

"நான் எதுக்கு இருக்கணும்? அவனை இருக்கச் சொல்லு!"

சீஃப் வியர்வையைத் துடைத்தார். "சரி. ஒரு பேச்சுக்கு, நான் மேலயே இருந்தேன்னு வச்சுக்குவோம். நான் எதுக்கு அவரைக் கொல்லணும்? எனக்கும் அவருக்கும் என்ன பகை? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் செத்துட்டார்!"

இன்ஸ்பெக்டர் நிதானமாகத் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"செத்துட்டார்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"நீங்கதான்! 'எல்லாம் முடிஞ்சுது'ன்னு..."

"ஒத்திகை முடிஞ்சுதுன்னு சொன்னேன்."

கதவு திறந்தது.

சக்கர நாற்காலி. மூக்கில் ஆக்சிஜன் குழாய். நரைத்த தலை. நீலம் போய்ச் சிவந்த உதட்டில் ஒரு சிரிப்பு.

ரிஸ்க் சார்!

சீஃபின் கையிலிருந்து பேனா உருண்டது. "நீ... நீ செத்து..."

"நீங்க எதிர்பார்த்தது அது." ரிஸ்க் சார் மூச்சு வாங்கினார். "வந்தது இது!"

இப்போது சொல்கிறேன், நடையில் அவள் இன்ஸ்பெக்டர் காதில் சொன்னது என்ன என்று. 'நாடி இருக்கு மேடம். ஆனா இல்லைன்னு சொல்லுங்க. தலைகீழ் சோதனை பண்ணணும். செத்துட்டார்னு வச்சுக்கிட்டு பின்னாடி நடப்போம். யார் நம்மகூட நடக்காம முன்னாடி ஓடறாங்கன்னு பாப்போம்!' கோபித்துக்கொள்ளாதீர்கள். நானாவது ஒரு தடவை 'இறந்தார்' என்று சொன்னேனா? நீங்களாக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய!

"துணிக்குள்ள மாஸ்க் குத்தினதுல மூக்கே போச்சு," என்றார் ரிஸ்க் சார். "தும்மல் வேற வந்துச்சு. அடக்கினதுதான் கஷ்டம்."

"பகை என்னன்னு கேட்டாரே," சேர்மன் கேட்டார். "சொல்லுங்க."

"போன மீட்டிங்ல இவர் ஆபத்துகளைப் பெருக்கிக் காட்டினார். ரிஸ்க் பேப்பர் பாஸான எவனும் அப்படிப் பெருக்க மாட்டான். சந்தேகம் வந்து, பரீட்சை நடத்தறவங்களுக்கே போன் போட்டேன். இவர் அந்தப் பேப்பரை பாஸ் பண்ணதில்லைங்கறது மட்டும் இல்லை... எழுதினதே இல்லை! கதவுல மின்னுற பித்தளை எழுத்து இவரே ஒட்டிக்கிட்டது. மூணு மணிக்கு போர்டுல சொல்லப்போறேன், முன்னாடி நீங்களே சொல்லிடுங்கன்னு இவர்கிட்டயே மரியாதையா சொன்னேன். 'சரி, சொல்றேன், ஒத்திகை நேரத்துல சர்வர் ரூமை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க'ன்னார். நம்பிப் போனேன். பின்னாடியே கதவு சாத்திச்சு. தொம் தொம்னு தட்டினதுதான் மிச்சம்."

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். விழவில்லை. போனில் மாமியார்தான் 'அடப்பாவி' என்றார்.

"கையை நீட்டுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

சீஃப் கை நீட்டினார். போகிற போக்கில் அரியர் அக்காவை முறைத்தார். "நானும் போறேன். உன் பட்டமும் போகுது. கெடு இன்னும் கொஞ்ச நேரம்தான். யார் கையெழுத்துப் போடுவா உனக்கு?"

"நீங்க போட்டிருந்தாத்தான் சார் போயிருக்கும்!" ரிஸ்க் சார் சக்கர நாற்காலியில் நிமிர்ந்தார். "பட்டம் இல்லாதவன் போட்ட கையெழுத்து செல்லுமா? நல்லவேளை, இந்தப் பொண்ணு உங்க பேரத்துக்கு மசியலை. மசிஞ்சிருந்தா பொய்க்குப் பொய்யும் ஆச்சு, எட்டாவது பாஸும் குப்பைக்குப் போச்சு!"

அரியர் அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அந்தத் தாளைக் குடும்மா. நான் ஒழுங்கா எழுதி வாங்கினவன். பேனா?"

சீஃபின் பேனா மேஜைக்கடியில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. இன்ஸ்பெக்டர் தன் பேனாவைக் கொடுத்தார்.

"இருங்க சார்." அரியர் அக்கா தாளைப் பிடித்துக்கொண்டாள். "ஒத்திகைக்கு வராம டிமிக்கி குடுத்தாள்னு 'நடத்தை'ங்கற இடத்துல எழுதுங்க. அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுங்க. அதனால குடுக்க முடியாதுன்னு சொன்னாங்கன்னா, ஒன்பதாவது தடவை எழுதறேன்."

"உனக்கு என்ன கிறுக்கா? போட்டதை வாங்கிட்டுப் போவியா!"

"இருக்கறதை இருக்கறபடி எழுதற பட்டம்தானே சார் இது? வாங்கற அன்னிக்கே மறைச்சா எப்படி?"

ரிஸ்க் சார் அவளைப் பார்த்தார். எழுதினார். மூச்சு வாங்கிக்கொண்டே எழுதினார். என்ன எழுதினார் தெரியுமா?

'ஒத்திகைக்கு வரவில்லை. வராததால் ஓர் உயிர் பிழைத்தது. வரவில்லை என்று தானாகவே சொன்னாள். இவளை நம்பலாம்.'

கையெழுத்து. தேதி. கெடு முடிய இன்னும் நேரம் இருந்தது.

"அத்தை! கேட்டீங்களா? ஆச்சு!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. இனிமே உன்னை எப்படிடி கூப்பிடுவாங்க? அரியர்தான் போச்சே!"

"பேர் போனா போகட்டும் அத்தை. டீ?"

"போட்டாச்சு. ஆறிக்கிட்டிருக்கு. நாலாவது கேள்விக்கு பதில் சொல்லிட்டு வந்து குடி!"

மறுநாள் காலை கதவிலிருந்து பித்தளை எழுத்துகளைப் பெயர்த்தார்கள். கடைசிப் பட்டத்தை எடுக்க ஸ்குரூடிரைவரே தேவைப்படவில்லையாம். விரலால் தொட்டதும் விழுந்துவிட்டது. வெறும் பசை!

அவ்வளவுதான் என் செல்லங்களே. எழுந்திருங்கள், கால் மரத்துப் போயிருக்கும். உங்கள் வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் வேளைக்கு வந்து சேரட்டும். நீங்கள் எதிர்பார்த்த தலைகளும் வந்த தலைகளும் என்றைக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

ஆனால் யாராவது 'எல்லாரும் வந்தாச்சு' என்றால், என்மேல் ஆணை... ஒரு தடவை நீங்களே எண்ணிவிட்டுச் சோற்றைப் போடுங்கள்!